திருநாகை விஹாரமும் தீரா வழக்கும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருநாகை என்னும் திவ்யதேசத்திற்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இரண்டு ப்ரஸித்திகள் உண்டு. ஸௌந்தரராஜப் பெருமாள் விஷயமாகத் திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தின் இரண்டாம் திருமொழி முதலாவது. அவ்வூர்ப் பௌத்த விஹாரத்திலிருந்த பொற்பிரதிமையை ஆழ்வார் கவர்ந்து சென்று திருவரங்கத்துத் திருமதிள் கைங்கர்யத்திற்கு ஆக்கினார் என்னும் ஐதிஹ்யம் இரண்டாவது. முன்னதற்குப் பதவுரையும் வ்யாக்யானமும் இட்டுக் காலக்ஷேபங்களில் விரித்துரைக்கிறோம். பின்னதையோ உபந்யாஸங்களில் கேட்போர் நகைக்கும்படி சொல்லிக் கடந்து விடுகிறோம். அதில் ஆராய்வதற்கு ஒன்று உண்டு என்று அடியேனும் நெடுங்காலம் எண்ணியதில்லை. அவ்வெண்ணம் தோன்றக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் விண்ணப்பித்து, பின்னர் விஷயத்திற்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் கொண்டாடப்படுகிறது. சென்ற கார்த்திகையில் அவ்வாரத்துச் சனி, ஞாயிறுகளில் நாகப்பட்டினத்துப் பழைய இடங்களைப் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டுவதாகச் சில ஆசிரியர்கள் ஏற்பாடு செய்திருந்தனர். அடியேன் வசிக்கும் மானகிரியிலும் சுற்றுப்புறத்து நகரத்தார் ஊர்களிலும் நாகப்பட்டினம் என்றால் முதியோர் நினைவில் வருவது கப்பல்தான். பினாங்குக்குப் போனவர்களை அங்கே வழியனுப்பிய கதை வீட்டுக்கு வீடு உண்டு. அடியேனுக்கோ அது திவ்யதேசம். பெருமாளை ஸேவித்துவிட்டு இதையும் பார்த்து வரலாம் என்று காரைக்குடியில் இரயிலேறி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் சேர்ந்து, அங்கிருந்து நாகை அடைந்தேன்.

சூளாமணி விஹாரம் இருந்த பகுதி என்று எங்களை நகரின் வடபால் அழைத்துச் சென்றனர். மதில், தூண், அடித்தளம் என்று காட்டத்தக்கது அங்கு ஒன்றுமில்லை. வழிகாட்டிய ஆசிரியர் கையில் ஒரு பழைய சித்திரத்தின் படி இருந்தது. அதை உயர்த்திப் பிடித்து, இன்ன இடத்தில் இன்ன உயரத்தில் நின்றது என்று விளக்கினார். இடிபாட்டைக் காணச் சென்ற நாங்கள் இடிபாடும் எஞ்சாத வெறுந்தரையைக் கண்டு நின்றோம். அப்போது கல்லூரி மாணவர் ஒருவர் அடியேனின் திருமண்காப்பைக் கண்டு அருகில் வந்து, மிக்க மரியாதையுடன், "ஐயா, உங்கள் ஆழ்வார் எடுத்துக்கொண்டு போன புத்தர் இங்கே இருந்தவர்தானா? இந்த விஹாரம் அதனால்தான் அழிந்ததா?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வைதிஹ்யத்தைச் சொல்லியும் கேட்டும் வந்த அடியேனிடம் அதற்கு விடையும் இல்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

விஹாரத்தின் வரலாறு

நாகையில் பௌத்தம் வேரூன்றியது சோழர் காலத்தில் அன்று. அதற்கு மிக முன்னரேயாம். பாலி மொழியில் நெத்திப்பகரணத்திற்கு உரை செய்த ஆசார்ய தம்மபாலர், தாம் நாகப்பட்டினத்துப் பதரதீர்த்த விஹாரத்தில் இருந்து அவ்வுரையை இயற்றியதாக அதன் முடிவுரையில் குறித்துள்ளார். அவ்விஹாரம் தர்மாசோக மஹாராஜனால் கட்டப்பட்டது என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. அசோகன் கட்டினான் என்பதைக் கர்ணபரம்பரை என்று கொண்டாலும், நாதமுனிகளுக்குப் பல தலைமுறைகள் முன்பே நாகைக் கடற்கரையில் ஓர் உரையாசிரியர் சுவடி விரித்து அமர்ந்திருந்தார் என்பது நிச்சயம். மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரைந்து முன்னோர் கருத்தைக் காப்பதே அவருக்கும் தொழில். வ்யாக்யான பரம்பரையைப் பேணுவோர் நாகை விஹாரத்தை முற்றும் அந்நியமாக நினைப்பதற்கில்லை.

சூளாமணி விஹாரம் எழுந்தது முதலாம் இராஜராஜன் காலத்தில். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியான சைலேந்திர வம்சத்துச் சூளாமணிவர்மன் அதனைத் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயராலேயே முடித்தான். க்ஷத்ரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக்கூற்றத்து நாகப்பட்டினத்தில் எடுத்த இப்பள்ளிக்கு இராஜராஜன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் 97 வேலிச் சொச்சம். இறையாக வரும் நெல் 8,943 கலத்துச் சொச்சம். இச்செய்திகளைத் தாங்கிய 21 செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் ஹாலந்து சென்று லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் பெரிய லெய்டன் செப்பேடுகள் எனப்பட்டன. எபிக்ராபியா இண்டிகா 22-ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவற்றைப் பதிப்பித்துள்ளார்.

இச்செப்பேடுகளில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி தமிழ்ப்பகுதி. தானம் கொடுத்தவன் சைவத்தில் ஊன்றிய அரசன். கட்டியவன் கடல் கடந்த பௌத்த அரசன். தானத்தை நிலத்தில் நிறைவேற்றியவர்களோ அக்கம்பக்கத்து ஊரார். பிடியானையை நடத்தி எல்லை சூழ்ந்தபோது, சுற்றிலும் இருந்த பிரமதேயங்களின் ஸபையாரும் ஏனைய ஊராரும் உடன் நின்று, இது எங்கள் ஊருக்கு எல்லை, இது பள்ளிச்சந்தத்திற்கு எல்லை என்று காட்டிக் கையெழுத்திட்டுள்ளனர். பௌத்தப் பள்ளியின் நிலத்துக்கு வேதம் ஓதிய அந்தணர் சான்று நின்றனர். வாதத்தில் விட்டுக்கொடாத மதங்கள் வாய்க்காலிலும் வரப்பிலும் ஒன்றுக்கொன்று சான்றாக நின்ற காலம் அது.

பின்னர் முதலாம் இராஜேந்திரன் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். ஆயினும் நாகைப் பள்ளியின் நிலை குன்றவில்லை. முதலாம் குலோத்துங்கன் தனது 20-ஆம் ஆண்டில், கி.பி. 1090 அளவில், கடாரத்தரையன் தூதர் இருவர்வழி விண்ணப்பித்தபடி, நாகையிலிருந்த இராஜேந்திர சோழப் பெரும்பள்ளி, இராஜராஜப் பெரும்பள்ளி இரண்டின் பள்ளிச்சந்த ஊர்களுக்கும் வரிகளை நீக்கி ஆணையிட்டான். மூன்று ஏடுகளாலான சிறிய லெய்டன் செப்பேடு இதனைத் தெரிவிக்கிறது.

ஆழ்வார் காலமும் ஐதிஹ்யத்தின் காலமும்

இனி மாணவரின் முதற்கேள்வி. ஆழ்வார் கவர்ந்த பிரதிமை சூளாமணி விஹாரத்ததா? கல்வெட்டும் செப்பேடும் கொண்டு பார்த்தால் அன்று என்றே சொல்ல வேண்டும். பரமேச்சுர விண்ணகரத் திருமொழியில் ஆழ்வார் பல்லவமல்லனின் போர்களை எடுத்துரைக்கிறார். அட்டபுயகரத் திருமொழியில் வயிரமேகன் பெயர் வருகிறது. இவற்றால் ஆராய்ச்சியாளர் ஆழ்வாரை எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைப்பர். குருபரம்பரை கூறும் கணக்கோ கலியுகத் தொடக்கத்தை ஒட்டியது. இரண்டில் எதைக் கொண்டாலும், 1006-இல் தானம் பெற்ற விஹாரம் ஆழ்வாருக்கு மிகப் பிற்பட்டது. ஆழ்வார் காலத்து நாகையில் விஹாரம் இருந்ததாயின் அது பதரதீர்த்தம் போன்ற முந்தைய ஒன்றாகலாமேயன்றிச் சூளாமணி விஹாரமாகாது.

திருநாகைத் திருமொழியைப் பார்த்தாலோ, அதில் இந்நிகழ்ச்சியின் ஸ்பர்சமே கிடையாது. அது நாயகி பாவத்தில் எழுந்தது. எதிரே வந்து நின்ற ஒருவருடைய வடிவழகில் ஈடுபட்ட பெண்பிள்ளை, இவர் யாரோ என்று வியந்து உருகும் பாசுரங்கள் அவை. சாக்கியரையும் சமணரையும் ஆழ்வார் மறுத்துரைக்கும் இடங்கள் வேறு திருமொழிகளில் உண்டு. விஹாரம் சூழ்ந்த நாகையில் நின்று பாடியபோதோ அவர் திருவுள்ளம் பெருமாளின் ஸௌந்தர்யத்தை விட்டு அசையவில்லை.

ஐதிஹ்யம் நமக்கு விரிவாகக் கிடைப்பது குருபரம்பரை நூல்களில். அவற்றுள் தொன்மை வாய்ந்த ஆறாயிரப்படியை அருளியவர் நம்பிள்ளையின் சிஷ்யரான பின்பழகிய பெருமாள் ஜீயர். அவர் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. கதையின் அமைப்பை இங்கு நினைவு கூர்வோம். பொற்பிரதிமை இருந்த விமானத்துக்கு யந்திரக் காவல் உண்டு. அதன் மர்மம் அறிந்தவன் அதைச் செய்த சிற்பி ஒருவனே. அவனோ கடலுக்கு அப்பால் ஒரு த்வீபத்தில் இருப்பவன். ஆழ்வார் பரிஜனங்களுடன் கப்பலேறி அங்கே சென்று, நாகை விமானத்தில் கள்வர் புகுந்தனர் என்று அவன் செவியில் விழச் செய்ய, அவன் பதறி மர்மத்தை வாய்விட்டுச் சொல்லி விடுகிறான். திரும்பும் வழியில் பாக்கு வணிகனின் கப்பலில் பாதிப் பாக்கை வைத்து, கப்பலில் பாதிப் பாக்கு தம்முடையது என்று எழுதி வாங்கிய உபாயமும் நிகழ்கிறது.

நாகையில் இருந்த பொன்னை எடுக்க, கதை ஏன் கடல் கடந்து போகிறது? ஐதிஹ்யம் வடிவம் பெற்ற நூற்றாண்டின் நாகையை நோக்கினால் விடை எளிது. அங்கே நின்ற பெரும்பள்ளியைக் கட்டியவன் உண்மையாகவே கடலுக்கு அப்பாலிருந்த அரசன். அதுவுமன்றி, சீன நாட்டு யாத்திரிகர் வாங் தாயுவான் 1349-இல் எழுதிய குறிப்பில், பட்டினம் என்று கருதத்தக்க கடற்கரை ஊரில் பல முழ உயரமுள்ள செங்கல் ஸ்தூபம் ஒன்றையும், அதில் சீன எழுத்தில் பொறித்த வாசகத்தையும் கூறுகிறார். அவ்வாசகப்படி வேலை முடிந்த ஆண்டு கி.பி. 1267. நம்பிள்ளையின் சிஷ்யர்கள் சுவடி எழுதிக்கொண்டிருந்த அதே தலைமுறையில், நாகைக் கடற்கரையில் த்வீபாந்தரத்தார் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தனர் என்று இதனால் தெரிகிறது. வணிகரும் யாத்ரிகரும் இச்செய்தியைத் திருவரங்கம் வரை கொண்டு சென்றிருப்பர் என்பதில் வியப்பில்லை.

ஆகவே அடியேன் துணிவது இது. ஆழ்வார் காலத்து நிகழ்ச்சி எதுவாயினும், ஐதிஹ்யம் அதற்கு உடுத்திய உடை பதின்மூன்றாம் நூற்றாண்டு நாகையினுடையது. கடல் கடந்த சிற்பி, கப்பல், பாக்கு வாணிகம், அணுகவொண்ணாத விமானம் ஆகிய நான்கும் அந்தத் துறைமுகத்தின் மெய்யான அடையாளங்கள். விஹாரத்தின் நினைவைக் காக்க அங்கே பௌத்தர் எஞ்சாத பின்னும், அதைப் பரம்பரையாகச் சொல்லிவந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்களே. செப்பேடுகள் படிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே, நாகை விஹாரம் த்வீபாந்தரத்தாரால் ஆனது என்பதை நம் குருபரம்பரை அறிந்திருந்தது.

விஹாரத்தின் முடிவு

இனி இரண்டாம் கேள்வி. விஹாரம் அழிந்தது ஆழ்வாராலா? மேற்கூறிய காலக்கணக்கே இதை மறுத்து விடுகிறது. ஆழ்வாருக்குப் பின்னரே அது கட்டப்பட்டது. கட்டிய பின் சோழர் மூன்று தலைமுறை அதைப் போற்றினர். பின்னர்க் காவலரும் வணிகரும் மாற, மெல்ல மங்கிற்று. பர்மா தேசத்துக் கல்யாணிக் கல்வெட்டு 1476-இல் ஒரு செய்தி சொல்லுகிறது. இலங்கைக்குச் சென்ற பெகு நாட்டுத் தேரர்கள் திரும்புகையில் கப்பல் உடைந்து, கால்நடையாக நாகப்பட்டினம் வந்து, பதரிகாராம விஹாரம் இருந்த இடத்தைக் கண்டு, சீன தேசத்து மஹாராஜன் செய்வித்த குகையிலிருந்த புத்த பிம்பத்தை வணங்கினராம். விஹாரத்தைக் கண்டதாக அன்று, அது இருந்த இடத்தைக் கண்டதாகவே அக்கல்வெட்டு சொல்லுகிறது. எங்களுக்கு ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வெறுந்தரையைக் காண வந்தவர் உண்டு.

ஆயினும் ஒரு கோபுரம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊராரும், சீனக் கோபுரம் என்று மாலுமிகளும் அழைத்த அதனைக் கண்டு எழுதியவர் சர் வால்டர் எலியட். 1878-இல் வெளியான அவரது கட்டுரைப்படி, அது சாந்தின்றி நெருங்க அடுக்கிய செங்கல்லால் ஆன, நாற்சதுரமான, மூன்று நிலைக் கட்டடம். நாற்புறமும் வாயில்கள், உள்ளே தளங்கள் விழுந்து, அடி முதல் முடி வரை வெளி. கடலில் வருவோருக்கு அடையாளமாகவும் அது பயன்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்து வந்து அவ்விடத்தில் கல்லூரி அமைத்த ஏசு சபையார் அதனை இடித்துச் செங்கல்லைப் பயன்படுத்த விண்ணப்பித்தனர். எலியட் காக்க முயன்றும் பயனில்லை, 1867-இல் அரசு இசைவளித்தது, கோபுரம் வீழ்ந்தது.

இதனை எவர்மீதும் குற்றமாக அடுக்குவது அடியேன் கருத்தன்று. பாழடைந்த கட்டடத்தின் கல்லைப் புதிய கட்டடத்துக்குக் கொள்ளுவது நம் ஊர்களிலும் நிகழ்ந்ததே. பழங்கல்வெட்டுத் துண்டுகளைத் தலைகீழாக மதிலில் பதித்த திருப்பணிகள் நம்மிடமும் உண்டு. ஆழ்வார் கதையைக் கேட்டு விஹாரத்தை நாம்தான் அழித்தோம் என்று பெருமை கொள்ளுவோரும், அதையே சொல்லிப் பழிப்போரும் ஒருங்கே அறிய வேண்டியது இவ்வளவே: அக்கோபுரத்தை இறுதியாகத் தரைமட்டமாக்கியது ஓர் அரசாணை.

உய்யக்கொண்ட நாயகர்

1856-இல் அதே வளாகத்தில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது, அதன் கீழ்ச் செங்கல் அறையில் புத்தத் திருவுருவங்கள் கிடைத்தன. அது தொடங்கி 1930-கள் வரை நாகையில் வெளிப்பட்ட பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. சில உலகெங்கும் சிதறின. டி. என். இராமச்சந்திரன் 1954-இல் இவற்றை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். பகைவர் கவர்ந்து உருக்கியிருந்தால் இவை கிடைத்திரா. அறை கட்டி, அடுக்கிவைத்து, மண் மூடியவர் அவற்றை வணங்கியவராகவே இருத்தல் வேண்டும். பூசை நின்ற காலத்து உத்ஸவமூர்த்திகளை மண்ணில் மறைத்துக் காத்த நம் கோயில்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்தக் கைகளின் நடுக்கம் விளங்கும்.

அப்படிமங்களுள் ஒன்றின் பீடத்தில் தமிழெழுத்துப் பொறிப்பு உண்டு. ஆகம பண்டிதரை உய்யக்கொண்ட நாயகர் என்று அது அந்தப் புத்தரைக் குறிக்கிறது. உய்யக்கொண்டார் என்ற திருநாமம் நமக்குப் புதிதன்று. நாதமுனிகளின் சிஷ்யரான புண்டரீகாக்ஷர், யோகத்தால் வரும் தம் பேற்றை விட்டு உலகோர் உய்வதையே வேண்டியமையால் பெற்ற திருநாமம் அது. அடியேன் ஊருக்கு அணித்தான திருக்கோட்டியூரில் எம்பெருமானார் மந்த்ரார்த்தத்தை வெளியிட்டதும் எல்லோரும் உய்ய வேண்டும் என்ற அதே நோக்கினால்தான். சோழநாட்டில் அச்சொல் அரசர் பெயரிலும் ஆற்றுக்காலின் பெயரிலும் வழங்கிற்று. அதனைக் கொண்டு மதங்கள் ஒன்று என்று சொல்லத் துணியேன். நம் ஸித்தாந்தம் வேறு, அவர்கள் ஸித்தாந்தம் வேறு. வேண்டியது இன்னது என்று சொல்ல இருவரும் எடுத்தது மட்டும் ஒரே தமிழ்ச்சொல்.

தீரா வழக்கு

ஐதிஹ்யத்தின் பிற்பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். பொன்னைக் கொணரும் வழியில் ஆழ்வார் திருக்கண்ணங்குடிக்கு அருகே வயலில் அதைப் புதைத்து, அருகிலிருந்த புளியமரத்தை உறங்காமல் காக்கப் பணித்தார். மறுநாள் உழவந்த நிலக்காரனோடு, இந்நிலம் என்னது என்று வழக்கிட்டார். உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ் என்பனவற்றோடு, தோலா வழக்கு என்றும் தீரா வழக்கு என்றும் அவ்வூருக்கு ஒரு பழமொழி இன்றும் வழங்குகிறது. பின்னர்ப் பொன்னைத் தேடிப் பௌத்தர் வந்தபோது, சிறுவிரலும் குறையாமல் தருவதாக ஆழ்வார் எழுதிக் கொடுத்து, தவணை வந்ததும் சிறுவிரல் ஒன்றை மட்டும் தந்தார் என்பர். பொன்னைவிட்டு வேறு உலோகம் ஆகாதோ என்று அப்பிரதிமையே அரற்றியதாகவும் வாய்மொழி உண்டு.

ஸர்வஸ்வாமியின் பொருளை ஸர்வஸ்வாமிக்கே ஆக்கினார் என்று பெரியோர் இதற்குப் பரிஹாரம் அருளுவர். அது பக்தி பரவசத்தின் வழி. அடியேன் அதை மறுப்பவனல்லேன். ஆனால் வ்யாக்யாதாக்கள் நமக்குக் கற்பித்தது, ஒரு சொல்லையும் வீணாகக் கழியாமை. அவ்வாறு இவ்வைதிஹ்யத்தின் சொற்களைப் பார்த்தால், அது பௌத்தரைத் திருடுகொடுத்த ஏமாளிகளாக மட்டும் நிறுத்தவில்லை. கேட்கும் உரிமையுடையவர்களாக, கைச்சீட்டுப் பெற்றவர்களாக, தவணைக்கு வந்து நின்றவர்களாக நிறுத்துகிறது. பிரதிமைக்குக் குரல் கொடுக்கிறது. வழக்கு தீர்ந்தது என்று சொல்லாமல், தீரவில்லை என்று ஊரின் பெயரோடு பிணைத்து வைக்கிறது. வென்றதைப் பெருமை பேசுவதற்காக மட்டும் கட்டிய கதைக்கு இவை வேண்டுவதில்லை. கதையைக் காத்த முன்னோருக்குக் கணக்கு இன்னும் நிலுவையில் உள்ளது என்ற உணர்வு இருந்தது என்றே தோன்றுகிறது.

அந்நிலுவையைப் பொன்னாகத் தீர்ப்பது இனி இயலாது. உரைகாரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருநாகைத் திருமொழியைக் காலக்ஷேபம் சொல்லும்போது, ஐதிஹ்யத்தோடு ஆனைமங்கலத்தின் எல்லை காட்டிக் கையெழுத்திட்ட அந்தணரையும், பதரதீர்த்தத்து உரையாசிரியரையும், இலுப்பை மரத்தடியில் மறைத்து வைத்த கைகளையும் சேர்த்துச் சொல்லலாம். அப்போது கேட்போர் நகைத்தாலும் நகைப்பர். பின்னர் சற்றே மௌனமும் கொள்வர். ஆழ்வாருக்கு அதனால் ஒரு குறையும் வாராது. அவரது வைபவம் பாசுரங்களில் நிற்கிறது. களவின் சாமர்த்தியத்தில் அன்று.

அன்று வெறுந்தரையில் நின்று கேட்ட மாணவருக்கு, "விசாரித்துச் சொல்லுகிறேன், தம்பி" என்று மட்டும் சொல்லி வந்தேன். இதனை அவருக்கு அனுப்பி வைக்க எண்ணியுள்ளேன். இதில் ஸ்கலிதங்கள் இருப்பின் பெரியோர் க்ஷமித்துத் திருத்தியருளப் ப்ரார்த்திக்கிறேன்.